சென்சார் சொன்னால் நம்புவோம்

1990களின் கடைசியில், புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினத்தில், ஒலிபெருக்கிகள் அலையின் உயரத்தை அறிவிக்கத் தொடங்கின. கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு மீனவர்களுக்கு இன்னொரு தகவல் கிடைத்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போட்டு வைத்திருந்த வங்காள விரிகுடா அலைக் கணிப்பு அது. உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல் படைக்குப் பயன்படும் எண், கட்டுமரக்காரருக்கும் பயன்பட்டது.

இதைச் செய்தது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1998இல் வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றியிருந்த கிராமங்களில் கணினி மையங்களைத் திறந்தார்கள். போன் லைன் நம்ப முடியாத காலம், அதனால் விஎச்எஃப் ரேடியோ. கரண்ட் போகும், அதனால் சோலார். ஊர் தரும் இடத்தில் மையம் இருக்கும், ஆனால் எல்லா சாதியாரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. மையத்தை நடத்தியவர்களில் பெண்கள் நிறையப் பேர், அதே ஊர்க்காரர்கள். இன்று இதையெல்லாம் கேட்டால் ஏதோ தொல்லியல் மாதிரி இருக்கும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். சாட்டிலைட், சர்வர், மோடம், ரேடியோ என்று நீளும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஒரு மனிதக் குரல். அலை வரும் என்று சொன்னால், வராவிட்டால் மறுநாள் அந்தக் குரலைத் தெருவில் நிறுத்திக் கேட்கலாம்.

2004 டிசம்பர் 26 காலை 6.28க்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி நழுவியது. உலகம் முழுக்க நிலநடுக்கமானிகள் அதைப் பதிவு செய்தன. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் சுமார் 15 நிமிடத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்போது இல்லை. யாருக்குச் சொல்வது என்ற பட்டியலே இல்லை. டெல்லியில் வானிலைத் துறை அனுப்பிய நிலநடுக்க ஃபேக்ஸ், ஆட்சி மாறி மாதங்கள் ஆன பிறகும், முந்தைய அரசின் அறிவியல் துறை அமைச்சர் வீட்டுக்குப் போனது என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது. அலை நம் கரையைத் தொட்டது ஏறக்குறைய ஒன்பது மணிக்கு. அதாவது கருவிகளுக்குத் தெரிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் கதை வேறு மாதிரி போனது. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர், செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணினார். இங்கே கடல் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஓடுங்கள் என்றார் அவர். ஊரில் இருந்தவர்கள் தகவல் மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் எல்லோரையும் கிளம்பச் சொன்னார்கள். 3,600க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின, ஆட்கள் தப்பினார்கள்.

தொழில்நுட்பத்தின் வெற்றி என்று இந்தக் கதையை எத்தனையோ கருத்தரங்குகளில் சொல்லியிருக்கிறார்கள். போனும் ஒலிபெருக்கியும் தொழில்நுட்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹவாய்க்கும் சிங்கப்பூருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் கருவியில் இல்லையே. ஹவாயில் இருந்தவர்களிடம் நல்லவாடு பற்றி ஒன்றும் இல்லை. சிங்கப்பூரில் இருந்தவரிடம் ஒரு போன் நம்பர் இருந்தது.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ‘ஆன்-கால்’ என்று ஒரு கொடுமை உண்டு. வாரத்துக்கு ஒருவர் முறை. சர்வர் தடுமாறினால் ராத்திரி மூன்று மணிக்கு அவருடைய போன் அலறும். புதிதாக ஓர் அலர்ட் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் டீமில் முதலில் வரும் கேள்வி, எப்படி அளப்பது என்பதல்ல. அடித்தால் யார் எழுந்திருப்பது? பெயர் எழுதாத அலர்ட்டை நாங்கள் சேர்ப்பதே இல்லை. அப்படிச் சேர்த்தால் அது ஒரு திரையில் சிவப்புப் புள்ளியாக மினுங்கிக்கொண்டே இருக்கும், எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒரு கம்பெனியின் ஷாப்பிங் கார்ட்டுக்கு நாங்கள் கொடுக்கும் இந்த மரியாதையை மனிதர்களுக்குக் கொடுக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி. இன்னும் கறாராகக் கேட்டால்: ஒருவரைப் பற்றி ஒன்றை நான் அறிந்துகொண்டால், அதனாலேயே அவருக்கு நான் கடன்படுகிறேனா?

பொதுவாக இல்லை என்றுதான் சொல்லத் தோன்றும். பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ போனில் அழுவதைக் கேட்கிறோம். இறங்கிப் போகிறோம். தற்செயலாகக் காதில் விழுந்ததற்கெல்லாம் பொறுப்பெடுத்தால் வாழ முடியாது. ஆனால் நானே தேடிப்போய், அவர் வீட்டுக்குள் ஒரு கருவியை வைத்து அறிந்துகொண்டால்? அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லும் வழியை நானே அடைத்துவிடுகிறேன். அளக்கப்படுபவர் எனக்காக ஒன்றை விட்டுக் கொடுத்திருக்கிறார், தன் வாழ்க்கையில் கொஞ்சத்தை நான் பார்க்கலாம் என்று. நான் டேட்டா மட்டும்தான் சேகரிக்கிறேன், நடவடிக்கை அரசாங்கத்தின் வேலை என்று ஓர் ஆய்வாளர் சொல்லலாம். நிறையப் பேர் சொல்கிறார்கள். நல்ல மனிதர்களும் சொல்கிறார்கள். பாதி நியாயம் இருக்கிறது. ஹவாய் விஞ்ஞானிகள் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன், அவர்கள் யார் அடுப்படியிலும் கருவி வைக்கவில்லை.

அடுப்படியில் வைத்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும். கடலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போகிறேன், திரும்பி வருவேன்.

மதுரையில் பிறந்து, நம் பக்கத்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தவர் வீரபத்ரன் ராமநாதன். ஃபிரிட்ஜில் பயன்படுத்திய சிஎஃப்சி வாயுக்கள் பூமியைச் சூடாக்கும் என்று 1975இல் காட்டியவர். தெற்காசியாவின் மேல் மிதக்கும் பழுப்புப் புகைமண்டலத்தை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர். அந்தப் புகையில் ஒரு பெரும் பங்கு விறகடுப்பிலிருந்து வருகிறது. அவர் மகள் நித்யா ராமநாதன், மார்ட்டின் லூகாச்சுடன் சேர்ந்து 2009இல் அமெரிக்காவில் நெக்ஸ்லீஃப் அனலிடிக்ஸ் என்ற லாப நோக்கற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வேலை, சாதாரண செல்போனைக் கருவியாக்குவது.

அவர்களின் ஆரம்பகால யோசனை ஒன்று அழகானது. ஒரு சின்ன பம்ப் சமையலறைக் காற்றை வெள்ளை ஃபில்டர் ஒன்றின் வழியாக இழுக்கும். கரி படிந்து ஃபில்டர் கறுக்கும். அதை ஒரு நிற அட்டையின் பக்கத்தில் வைத்து செல்போனில் போட்டோ எடுத்து அனுப்பினால், எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதை வைத்து காற்றில் எத்தனை கரி என்று சர்வர் கணக்கிடும். நம் வீட்டில் பாட்டிகள் சுவரைப் பார்த்துச் சொன்னதைத்தான் இது எண்ணாக்குகிறது. ஆனால் பாட்டி சொன்னதை யாரும் ஆய்விதழில் போடவில்லை.

அடுத்து அடுப்பு. ஒடிசாவில் நடந்த ஆய்வு, 17 மாதம், 4,038 வீடுகள். உள்ளே சின்ன விசிறி வைத்த, புகை குறைந்த விறகடுப்புகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி வீடுகளில் அடுப்பில் வெப்ப சென்சார். அடுப்பு எரிந்தால் செல்போன் வழியாகத் தகவல் போகும். எவ்வளவு எரித்தார்களோ அதற்கேற்ப, மிச்சமான கரியமில வாயுவின் விலையாக, பெண்களுக்குப் பணம்.

இந்த மாதிரி ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவரும் ஒரு விஷயம் உண்டு. புது அடுப்பை எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால் பெண்கள் சொல்வது ஒன்று, சென்சார் சொல்வது அதைவிடக் குறைவு.

இந்த இடத்தில் நம் மனம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். “பொய் சொல்லியிருக்காங்க” என்கிறது. சென்சார் சாட்சி, பெண் குற்றவாளி. தீர்ப்பு முடிந்தது.

யோசித்துப் பாருங்கள். ஊருக்கு வெளியே இருந்து நாலு பேர் வருகிறார்கள். அடுப்பு கொடுத்திருக்கிறார்கள். கையில் பேப்பர், அடுப்பு எப்படிம்மா இருக்கு, தினமும் பயன்படுத்துறீங்களா என்று கேட்கிறார்கள். “ஆமாங்க, நல்லாருக்குங்க” என்றுதான் யாரும் சொல்வார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டால் சாம்பாரில் உப்பு தூக்கல் என்றா சொல்வீர்கள்? அது பொய்யல்ல, மரியாதை. கேள்வியே அந்தப் பதிலைத்தான் கேட்டது.

மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் எழுதிய புத்தகத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் ஓர் அநீதியைப் பற்றிப் பேசுகிறார். ஒருவர் யார் என்பதற்காகவே அவர் சொல்லுக்கு மதிப்பைக் குறைப்பது. ஏழை, பெண், படிக்காதவர் என்றால் அவர் சொல்வதில் நமக்குப் பாதி நம்பிக்கைதான். சென்சார் வந்தபிறகு அந்தப் பாதியும் தேவையில்லை என்றாகிவிடுகிறது. அவரிடம் கேட்பதையே நிறுத்திவிடலாம். எனக்கு இதில்தான் பயம். அடுப்பு சூடானதா என்று சென்சாருக்குத் தெரியும். ஏன் சூடாகவில்லை என்று அதற்குத் தெரியவே தெரியாது. விறகைச் சின்னச் சின்னதாக வெட்ட வேண்டியிருக்கிறது, பெரிய பானை நிற்கவில்லை, விசிறி நின்றுபோய் ரிப்பேர் பண்ண ஆள் வரவில்லை என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். பணத்துக்காக வெறும் அடுப்பை எரித்தாலும் சென்சார் சமையல் என்றே எழுதிக்கொள்ளும், பாவம்.

நெக்ஸ்லீஃப் இதில் நியாயமாக நடந்துகொண்டது என்று நினைக்கிறேன். எண்கள் குறைந்ததை அவர்கள் பெண்கள் மீதான குற்றப்பத்திரிகையாகப் படிக்கவில்லை. அடுப்பின் மீதான தீர்ப்பாகப் படித்தார்கள்: இந்த அடுப்பு உழைக்கவில்லை, பழுதானால் பார்க்க ஆளில்லை. ஒரே தரவு, இரண்டு வாசிப்பு. யார் பக்கம் நின்று படிக்கிறோம் என்பதை எந்தச் சென்சாரும் தீர்மானித்துத் தராது. நம் அரசாங்கங்களுக்கு இன்னும் சுலபமான வழி தெரியும், எண்ண வேண்டியதை மாற்றிவிடுவது. உஜ்வாலா திட்டத்தில் எத்தனை கோடி கேஸ் இணைப்பு என்பதைப் போஸ்டரில் போட்டார்கள். பயனாளிகள் வருடத்துக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று 2019இல் சொன்னது தணிக்கை அறிக்கை. அது போஸ்டரில் இல்லை.

இதே நிறுவனத்தின் இன்னொரு கருவி கோல்ட்ரேஸ். தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜில் வெப்ப சென்சார். 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானால் மட்டுமல்ல, உறைந்தாலும் சில தடுப்பூசிகள் கெட்டுப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது, குழந்தைக்கு ஊசி போடப்படும், பலன் இருக்காது. வழக்கமாக நர்ஸ் காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் ஐந்து மணிக்கு வந்தால் நோட்டுக்கு அது தெரியாது. சென்சாருக்குத் தெரியும், எஸ்எம்எஸ் போகும்.

யாருக்குப் போகும்? என் அனுபவத்தில், இந்த மாதிரி சிஸ்டங்களின் அறம் முழுக்க இந்த ஒரு கான்ஃபிகரேஷன் வரியில் இருக்கிறது. முதல் எஸ்எம்எஸ் மாவட்ட அதிகாரிக்குப் போனால் அந்த நர்ஸ் கண்காணிக்கப்படுகிறார். முதலில் நர்ஸுக்கே போனால் அவருக்கு ஒரு கருவி கிடைக்கிறது. ஃபிரிட்ஜ் சரியில்லை சார், மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன் என்று அவர் சொன்னபோது கேட்காத காது, கிராஃபைக் காட்டினால் கேட்கும். கேட்க வேண்டியிருந்தது அவர் சொல்லை என்ற வருத்தம் ஒருபக்கம் இருக்கட்டும். நடைமுறையில் சென்சார் சில சமயம் எளியவர்களின் வக்கீலாகவும் நிற்கிறது. அதனால்தான் ‘கண்காணிப்பு முதலாளித்துவம்’ என்று ஒரே வார்த்தையில் இதையெல்லாம் தள்ளிவிடும் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

இனி கடல். சுனாமிக்குப் பிறகு நிறைய மாறியது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007 அக்டோபரிலிருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. சுவாமிநாதன் நிறுவனம் ஒலிபெருக்கியிலிருந்து செல்போனுக்கு வந்தது. 2000களின் கடைசியில் குவால்காம் உதவியோடு தொடங்கி, பிறகு ஆண்ட்ராய்டுக்கு மாறிய ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி அலை உயரம், காற்றின் வேகம் எல்லாம் காட்டுகிறது. கடல் பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் சாட்டிலைட் பார்த்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களை இன்காய்ஸ் கணிக்கிறது, அதுவும் வருகிறது. இலங்கை எல்லையை நெருங்கினால் ஜிபிஎஸ் பார்த்து எச்சரிக்கிறது. நம் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால்காரர்கள் எல்லை தாண்டியதாகக் கைதாகிற செய்தி எத்தனை முறை வருகிறது என்பதைப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும்.

ஒரு டெக்னிக்கல் விஷயம். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம், நெட்வொர்க்குக்கு வேண்டும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனால், தான் எங்கே இருக்கிறோம் என்று போனுக்குத் துல்லியமாகத் தெரியும், யாருக்கும் சொல்ல முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் ஏற்கெனவே கடலுக்குள் வெகுதூரத்தில் இருந்தார்கள். கரையில் அடித்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. இப்போது சாட்டிலைட் வழியாக இருபக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கியிருக்கிறது. ஒக்கியில் போனவர்களை நினைத்தால் இதை யார் எதிர்ப்பது என்றுதான் இருக்கும்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் எனக்குப் பழக்கமான ஒரு ஃபைபர் போட்காரரிடம் இதைக் கேட்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். போனில் செயலி இருக்கிறது, தினமும் பார்க்கிறார்.

“காத்து சொல்றது கரெக்டா இருக்கு தம்பி. கொண்டல் எப்ப திரும்பும்னு நாங்க பாத்துச் சொல்றதை விட இவன் நல்லாச் சொல்றான், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா வெளிய ரெண்டு மீட்டர் அலைன்னா, முகத்துவாரத்துல மணல் ஏறிக் கெடக்குதே, அங்க என்ன ஆவும்னு இவனுக்குத் தெரியாது. அங்கதான போட்டு கவுருது.”

மீன் இருக்கும் இடம் காட்டுகிறதே என்றேன். சிரித்தார். “எனக்குக் காட்டுனா லாஞ்சுக்காரனுக்கும் காட்டுதில்ல? அவன் எனக்கு முன்னாடி போயிருவான்.”

இதை நான் யோசித்திருக்கவில்லை என்றில்லை, ஆனால் இவ்வளவு சுருக்கமாக யோசிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தகவல் என்பது சமத்துவம் மாதிரித் தெரிகிறது. பெரிய இன்ஜின் உள்ளவனுக்கு அது அதிகப் பயன். அலை உயரத்தை இருவரும் ஒரேபோல் பகிர்ந்துகொள்ளலாம், ஒருவர் உயிர் பிழைப்பதால் இன்னொருவருக்கு நஷ்டமில்லை. மீன் அப்படியல்ல. ஒரே செயலியில் பக்கத்துப் பக்கத்துத் திரையில் இருக்கும் இந்த இரண்டு தகவல்களும் அறத்தில் வேறு வேறு சாதி. முதலாவதை எத்தனை உரக்கச் சொன்னாலும் தகும். இரண்டாவதைச் சொல்லும்போது யாருக்கு முதலில், எத்தனை பேருக்கு என்று கேட்டே ஆக வேண்டும்.

டிரான்ஸ்பாண்டரைப் பற்றி அவருக்கு அரைமனது. எங்கே வலை போடுகிறோம் என்பது அவர்கள் குடும்பத்துச் சொத்து. கடலடியில் பாறை இருக்கும் இடங்கள் அப்பாவிடமிருந்து வந்தவை, கரையில் தெரியும் அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்கோட்டில் வைத்துக் குறித்துக்கொண்டவை. பக்கத்துப் போட்டுக்குச் சொல்ல மாட்டார்கள், சம்பந்தி வீட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். அதை ஏதோ ஒரு சர்வருக்குச் சொல்வதா? நாளைக்கு மானியத்தை நிறுத்த, எல்லை தாண்டினாய் என்று கேஸ் போட அதே தடம் வந்து நிற்காது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

எனக்கு ஒரு பதில் இருந்தது, சொன்னேன். தடத்தைப் படகிலேயே சேமிக்கலாம், ஆபத்து பட்டனை அழுத்தினால் மட்டும் அனுப்பினால் போதும், மற்ற நேரம் யாரும் பார்க்காதபடி எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை, நானே எழுதுவேன். பொறுமையாகக் கேட்டார். பட்டனை அழுத்த நேரம் கிடைக்காத மாதிரி அலை அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அதற்கு எப்போதும் அனுப்பிக்கொண்டிருப்பதுதான் வழி. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

“இப்ப என்ன பண்றீங்கண்ணே?”

“பாறைக்குக் கிட்ட போனதும் போனை அணைச்சிருவேன்.”

“ஏதாவது ஆச்சுன்னா?”

“வூட்ல சொல்லிட்டுதான் போவேன். இந்தத் திக்குல போறேன், இத்தன மணிக்கு வருவேன்னு. வரலன்னா அது பஞ்சாயத்துல போய்ச் சொல்லும். நாலு போட்டு கெளம்பும்.”

நாலு போட்டுக்கு எந்தப் பாறை என்று தெரியாதே என்றேன். வலையை மடித்துக்கொண்டே அவர் யோசித்தார். மச்சானுக்கு மட்டும் தெரியும் என்றார்.